இரவல் வாய்

வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த மடத்தில் புதன்கிழமை யாரும் வாய் திறக்கக் கூடாது. விடிந்ததிலிருந்து சாயங்கால மணி அடிக்கும்வரை மௌனம். மற்றவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. மாசிலாமணிக்குத்தான் வாராவாரம் வயிற்றுவலி மாதிரி வந்து போனது.

அவர் வாழைத்தார் மண்டியில் ஏலம் விட்டவர். அவர் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும் என்பார்கள். வயதான பிறகு மண்டியை மகனிடம் விட்டுவிட்டு, அமைதி வேண்டும் என்று மடத்துக்கு வந்தார். அமைதி கிடைத்தபோது அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. புதன்கிழமைகளில் கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருப்பார். மாடுகள்கூட அவரைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டன.

மடத்தை நடத்தியவர் உலகம்மை. மாசிலாமணியைவிட வயதில் நன்றாகவே இளையவர். இருந்தாலும் எல்லாரையும் போல மாசிலாமணியும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அடுப்படியைச் சடையப்பனும் அவர் மனைவி அங்கம்மாளும் பார்த்துக்கொண்டார்கள். அங்கம்மாளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சின்ன வயதில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி விடுதியில் கொஞ்ச காலம் இருந்தாள். எழுத்து அவளுக்குத் தன் பெயரோடு நின்றுவிட்டது. கைப்பேச்சை மட்டும் விடுதிப் பிள்ளைகளிடமிருந்து முழுசாக வாரிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அதைச் சடையப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கையால் சொல்வதைச் சடையப்பன் வாயால் சொல்வார்.

மடத்துக்கு அது போதுமாக இருந்தது. அங்கம்மாளைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஒரு சாயங்காலக் கூட்டத்தில் உலகம்மை சொன்னார். "நாளையிலேருந்து காய் நறுக்குற நேரத்துல அங்கம்மாள் கைப்பேச்சு சொல்லிக்கொடுப்பா. எல்லாரும் வந்து உட்காருங்க."

மாசிலாமணி எழுந்துவிட்டார்.

"எல்லாருமாம்மா?"

"எல்லாரும்தான்."

"ஒரு ஆளுக்காக முப்பது பேரா? சடையப்பன் இருக்காரே. அவர் வாய் ஒண்ணு போதாதா? எனக்கெல்லாம் இனிமே விரல் வளையாதும்மா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உலகம்மை சிரிக்கவில்லை.

"சடையப்பன் வாய் போதும்கிறீங்க?"

"தாராளமாப் போதும்."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் நீங்களும் அந்த வாயிலேயே பேசுங்க. எது வேணும்னாலும் அவர் காதுல சொல்லுங்க. அவர் எங்களுக்குச் சொல்லட்டும்."

மறுநாள் காலையில் இட்லி வந்தது. மாசிலாமணி ஒரு விள்ளல் வாயில் போட்டார். சடையப்பனைக் கிட்டே கூப்பிட்டு, காதுக்குள் சொன்னார். "இதை அவிச்சது நீரா, கொத்தனாரா? பல்லு பெயருது வே."

சடையப்பன் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி இட்லி நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

மதியம் பாயசம். மாசிலாமணி, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தச் சொல்லும். முந்திரியை அடியிலேருந்து எடுக்கச் சொல்லும்" என்றார்.

"அண்ணாச்சிக்குப் போதுமாம்."

மாசிலாமணி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். சடையப்பன் குனிந்து, "சுகர் இருக்குல்ல அண்ணாச்சி. உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

பிற்பகலில் சிலர் உட்கார்ந்து, நேந்திரன் நல்ல விலை போகுமா, செவ்வாழை போகுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணிக்கு உயிரே அந்தப் பேச்சில்தான் இருந்தது. அவர் எழுந்து அடுப்படிக்கு ஓடி, சடையப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து, காதில் சொல்லி, சடையப்பன் அதைப் புரிந்துகொண்டு வாயைத் திறப்பதற்குள் பேச்சு யாருடைய மூட்டுவலிக்கோ போய்விட்டது.

சாயங்காலம் உலகம்மை கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

மாசிலாமணி சடையப்பன் காதில் கொட்டித் தீர்த்தார். இட்லி, பாயசம், செவ்வாழை, ஏலம் விட்ட குரலை இப்படிப் பூட்டி வைத்த பாவம், எல்லாம். சடையப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கைகூப்பி, "நல்ல அனுபவமா இருந்துச்சாம்மா" என்றார்.

கூடம் முழுக்கச் சிரித்தது. மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. தூணோரம் அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தொண்டைக்குக் கொண்டுபோய் என்னவோ செய்தாள். அவள் தோள் குலுங்கியது.

"என்ன சொல்றா?" என்று சடையப்பனிடம் கேட்டார்.

"கும்பிடுறா, அண்ணாச்சி."

மறுநாள் காய் நறுக்கும் இடத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது மாசிலாமணிதான்.

ஆரம்பத்தில் நிறையப் பேர் வந்தார்கள். பிறகு ஒருவருக்கு முதுகு பிடித்தது. ஒருவருக்குப் பூஜைக்கு நேரமானது. ஒருவருக்குப் போன் வந்தது. கடைசியில் மாசிலாமணி மட்டும் மிஞ்சினார். அவரால் சும்மா உட்கார முடியாது என்பதே அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். தப்பாகச் செய்தால் அங்கம்மாள் முருங்கைக்காயால் விரலில் ஒன்று போடுவாள். தினமும் விரல் சிவந்து எழுந்திருப்பார்.

மடத்தில் ஒவ்வொருவருக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள் என்று தெரிந்தது. மூக்கைச் சொறிபவர், பாதியில் தூங்குபவர், சோற்றை மலையாகக் குவிப்பவர். தொண்டையில் கையை வைத்து உப்பிக் காட்டும் பெயர் ஒன்று அடிக்கடி வந்தது. தவளை.

"அது யாரு?" என்று கையால் கேட்டார்.

அவள் கத்தரிக்காயை நீட்டி அவர் நெஞ்சில் வைத்தாள்.

சாது என்று எல்லாரும் சொன்ன பெண் அந்தக் கைகளில் எங்கேயும் இல்லை.

தை பிறந்ததும் ஒரு கூட்டத்தில் சடையப்பன் எழுந்தார். திருநெல்வேலியில் அவர் அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து நடத்தினார். அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை இருவரும் கிளம்புகிறார்களாம்.

மடத்தை விட்டுப் போகிறவர் யாரானாலும் கூட்டத்தில் தானே சொல்லிவிட்டுப் போக வேண்டும். அது அங்கே வழக்கம். உலகம்மை, "அங்கம்மாளுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

சடையப்பன் திரும்பி மனைவியிடம் கையால் கேட்டார். அவள் கைகள் வெகுநேரம் பேசின.

"சம்மதம்தாம்மா. எங்க போனாலும் உங்க ஆசீர்வாதம் வேணும்கிறா."

வார்த்தை எங்கிருந்து வருமோ அங்கேதான் எல்லாரும் பார்ப்பார்கள். கூடம் முழுக்கச் சடையப்பன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி மட்டும் அங்கம்மாளின் கையைப் பார்த்தார். ஓடுகிற ஓட்டத்தில் சிலதைத்தான் பிடிக்க முடிந்தது. நான். இங்கே. இருப்பது.

இருக்கிறேன் என்றாளா, இருந்தது போதும் என்றாளா? அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போனார். கொட்டகைக்குப் போனார். பார்த்தது தப்பாக இருந்து, வாயைத் திறந்தால் ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம். சரியாக இருந்து, சும்மா இருந்தால் அவள் மூட்டையோடு பஸ் ஏறிவிடுவாள். அடுப்படியில் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உலகம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, அவ போகமாட்டேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"மாதிரியா?"

"எனக்கு அரைகுறையாத்தானே தெரியும். நிச்சயமாச் சொல்ல முடியலம்மா."

"வேற யாருக்குத் தெரியும்?"

மாசிலாமணி முப்பது பேரையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். "சடையப்பனை விட்டா யாருக்கும் தெரியாது."

"அங்கம்மாளுக்குத் தெரியாதா?"

அவர் விழித்தார். அவளையே கேட்கலாம் என்பது இத்தனை நாள் நடந்த நடையில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மறுநாள் புதன்கிழமை. கூடமே வாய் மூடிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி அங்கம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து கையைத் தூக்கினார். நாளைக்குப் போக உனக்கு விருப்பமா என்று கேட்க நினைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாளைக்கு நீ வெந்துவிடுவாயா என்று கேட்டிருக்கிறார்.

அவள் அவர் விரல்களைப் பிடித்துத் திருத்திவிட்டாள். அவர் திரும்பக் கேட்டார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். பதில் சொன்னாள்.

மெதுவாகச் சொல் என்றார். சொன்னாள். இன்னொரு தடவை என்றார். சொன்னாள்.

அடுப்புப் பக்கத்திலிருந்து சடையப்பன் பார்த்துவிட்டார். கையில் கரண்டியோடு வந்து நின்றார். வாய் அசைந்தது. ஆனால் அன்றைக்கு அவருக்கும் வாய் கிடையாது. போதும் என்று மனைவிக்குக் கை காட்டினார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அவள் காதைப் பொத்திக்கொள்வது அப்படித்தான்.

சாயங்கால மணி அடித்தது. கூட்டம் கூடியதும் மாசிலாமணி எழுந்தார். அங்கம்மாளையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"அங்கம்மாள் பேசப்போறா. நான் சொல்றேன். தப்பா இருந்தா சடையப்பன் திருத்தட்டும்."

அவள் கைகள் எழுந்தன. ஏலக் குரலை எப்படியோ அடக்கிக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நான் வரலை. நான் இங்கேயே இருக்கேன். மண்டபத்துல என்னை ஒரு மூலையில உட்கார வச்சு வெங்காயம் உரிக்கச் சொல்லுவாங்க. ஒரு கண்ணும் என் பக்கம் திரும்பாது. இங்கே புதன்கிழமை இருக்கு. அன்னைக்கு உப்பு வேணும்னாலும், பால் பொங்குதுன்னாலும், எல்லாரும் கையைத் தூக்கிட்டு என்கிட்டதான் ஓடி வர்றீங்க. வாரத்துல ஒரு நாளாவது நீங்க எல்லாம் மனுஷங்களா ஆகுறீங்க. அந்த ஒரு நாளுக்காகத்தான் மிச்ச நாளையும் தள்ளுறேன்."

அவள் கை அதோடு நிற்கவில்லை. உலகம்மையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஓடியது. மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

"அவ்வளவுதாம்மா."

உலகம்மை சடையப்பனைப் பார்த்தார்.

"சரியாச் சொன்னாரா?"

சடையப்பன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். "சரிதாம்மா" என்றார். பிறகு, "அவ சொல்றதை எல்லாம் அப்படியே சொன்னா யாருக்கும் பிடிக்காதும்மா. யாரும் அவளைக் கரிச்சுக்கொட்டக் கூடாதுன்னுதான் நான்…" என்றார்.

அங்கம்மாள் அவர் பக்கத்தில் போனாள். அவர் முகத்துக்கு நேராக, மார்போடு ஒட்டிய சின்னச் சின்ன அசைவுகளாக, என்னவோ சொன்னாள். எல்லாரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள்.

"என்னைப் பார்க்காதீங்க. அது புருஷன் பொண்டாட்டி பேச்சு."

சடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அண்ணனுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடுறேன்" என்று சொல்லி வெளியே போனார். அங்கம்மாள் அடுப்படிக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தாள். பாத்திரங்கள் தரையில் உருண்டு பெரிய சத்தம் போட்டன. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கூட்டம் கலைந்தது. மாசிலாமணி மட்டும் போகவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஏலத்தில் பெரிய விலைக்கு முடித்த நாட்களில் இருந்ததைப் போல முகம் பளபளத்தது.

"அம்மா, இனிமே கவலை இல்லை. நான் இருக்கேன்."

"ம்."

"அவ எது சொன்னாலும் நான் சொல்லிடுறேன். மத்தவங்களைப் போட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாம். எல்லாரும் எதுக்குக் கத்துக்கணும்?"

உலகம்மை விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே கேட்டார். "கடைசியா அவ என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னாளே. அது என்ன?"

"அதுவா? அது ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கா அத்தனை நேரம் கை ஆடுச்சு?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார்.

"நீங்க கூட்டத்துல ரொம்ப நேரம் பேசுறீங்களாம். மாடு அசைபோடுற மாதிரி இருக்காம். உங்க வாயைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தூக்கம் வருதாம்."

"இதை ஏன் சொல்லாம விட்டீங்க?"

"சபையில எப்படிம்மா சொல்றது? மரியாதையா இருக்காது. நீங்க அவளைத் தப்பா நினைச்சிடக் கூடாதே. அவ நல்லதுக்குத்தான்…"

உலகம்மை திரியிலிருந்து கையை எடுத்து, எண்ணெயை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சடையப்பனும் இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பார்" என்றார்.