கோட்டை வாசலில் விழுந்தவன்

இந்தக் கதையில் ஒருவன் இரண்டு முறை சாகிறான். முதல் சாவு தூத்துக்குடி துறைமுகச் சாலையில், ஒரு லாரியின் அடியில். அதில் புதிர் ஒன்றும் இல்லை. இரண்டாவது சாவைப் பற்றித்தான் கடைசியில் உங்களைக் கேட்கப்போகிறேன். ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பாதியில் போனை எடுத்துப் பார்க்கிறவர்கள் விடை சொல்ல வரவேண்டாம்.

செத்தவன் பெயர் ரெக்ஸன். வேலை முடிந்து வந்தால் டிவி முன்னால் உட்கார்ந்து வாள்சண்டை விளையாட்டு ஆடுவான். அதில் அவன் ஆடியது ஒற்றை உயிர் ஆட்டம். ஒரு முறை செத்தால் அந்த வீரன் அடியோடு அழிந்துபோவான், மறுபடி எழுப்ப வழியே கிடையாது. கையில் கோடரி, கதாயுதம் போன்ற கனத்த ஆயுதம் இருந்து ஓங்கி அடித்தால், வீரன் ஒரு போர்க்குரல் எழுப்புவான். அந்தக் குரலை ஆடுகிறவனே மைக்கில் பதிந்துகொள்ளலாம். உலகத்தில் எல்லாரும் புலிபோல உறுமிப் பதிவார்கள். ரெக்ஸன் பதிந்தது, "ஏட்டி செல்சி, சோறு எடுத்து வையி!"

அவன் மனைவி செல்சியாவுக்கு அப்போது அதைக் கேட்டால் எரிச்சல்தான் வந்தது. அவன் போன பிறகு அவனுடைய குரல் என்று மிஞ்சியது அது ஒன்றே. அவன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற ஆள் இல்லை. கல்யாண வீடியோவிலோ பாட்டுச் சத்தம்தான் கேட்கும்.

ரெக்ஸன் பாதியில் விட்டுப்போன ஆட்டத்தில், கடைசிக் கோட்டையின் முற்றத்தில் கோடரியோடு நின்றான் அவனுடைய வீரன். தூரத்து வாசலில் பூதம் மாதிரி ஒரு காவலன். கிட்டே போகாதவரை அவன் அசையமாட்டான். செல்சியா தினமும் ஜவுளிக்கடை வேலை விட்டு வந்ததும் டிவியைப் போடுவாள். கண்ட்ரோலரை எடுத்து, ஓங்கி அடிப்பதற்கான முக்கோணப் பொத்தானை அழுத்துவாள். கோடரி வெறும் காற்றை வெட்டும், குரல் வரும். வீரனை ஓர் அடி நகர்த்தமாட்டாள்.

கீழ்வீட்டில் இருந்த ரெக்ஸனின் தம்பி டெரன்ஸுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மைனி, இத போன்ல பிடிச்சுத் தாரேன், எப்பவும் கேக்கலாம்ல" என்று ஒருநாள் சொன்னான்.

"வேண்டாம் டெரன்ஸ். கையிலயே இருந்துச்சுன்னா நான் வேற எதுக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் செல்சியா.

இனி நடந்ததைக் கவனியுங்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் கடையில் இருக்கும்போது டெரன்ஸ் அதே இயந்திரத்தில் கால்பந்து ஆடினான். தன் கைவாக்குக்காக முக்கோணப் பொத்தானையும் வலது மேல்பொத்தானையும் இடம் மாற்றிக்கொண்டான். இயந்திரத்தின் செட்டிங்ஸில் மாற்றினால் எல்லா விளையாட்டிலும் மாறிவிடும். வாள்சண்டையில் மேல்பொத்தான் முன்னால் பாய்வதற்கு. ஆக, இப்போது முக்கோணத்தை அழுத்தினால் வீரன் பாய்வான், ஓங்கி அடிக்கமாட்டான். திருப்பி மாற்ற டெரன்ஸ் மறந்தான்.

அவன் போன பிறகு ரெக்ஸனின் பக்கத்து வீட்டுக் கூட்டாளி ஐசக் வந்தான். நண்பன் விட்ட ஆட்டத்தை முடித்துவைக்க வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. கோடரி ஓங்கினால் மறுபடி நிமிர நேரம் பிடிக்கும், அதற்குள் காவலன் கதையை முடித்துவிடுவான் என்று கோடரியைப் பைக்குள் போட்டு, குறுவாளை வீரன் கையில் கொடுத்தான். குறுவாளுக்குக் குத்து மட்டும்தான், போர்க்குரல் கிடையாது. கோடரி திரும்ப வேண்டுமானால் ஆட்டத்தை நிறுத்தி, பையைத் திறந்து, தேடி எடுக்கவேண்டும். கடைசி நேரத்தில் ஐசக்குக்குத் தைரியம் போய்விட்டது. குறுவாளைத் திரும்ப மாற்றாமல், வீரனை ஓர் அடியும் நகர்த்தாமல் எழுந்து போனான்.

சாயங்காலம் டெரன்ஸ் மாடிப்படி ஏறும்போது மேலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. சோறு கேட்டது. மறுபடியும் கேட்டது. வழக்கம்போல அவன் பாதிப் படியில் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு இரும்போடு இரும்பு மோதியது. அப்புறம் அதுவும் நின்றது.

உள்ளே போனபோது திரை சிவந்து கிடந்தது. விளையாட்டின் வீரர்கள் பட்டியலில் ரெக்ஸனின் பெயர் இல்லை. டெரன்ஸுக்குப் பொத்தான் ஞாபகம் வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாந்தான் மைனி கொன்னேன். பொத்தான மாத்துனது நாந்தான். குரல் வரலயேன்னு நீங்க அமுக்க அமுக்க, அவன் பாஞ்சு பாஞ்சு அந்தக் காவலன் காலடிக்கே போயிட்டான்."

சத்தம் கேட்டு ஓடிவந்த ஐசக் வாசலிலேயே நின்றான். "நீ இல்லல. கோடரிய எடுத்துட்டுக் குறுவாளக் குடுத்தது நான். கோடரி இருந்திருந்தா ஒரு அடியாவது அடிச்சிருப்பான்."

செல்சியா டிவியை அணைத்தாள். கண்ட்ரோலரின் வயரைச் சுற்றி டப்பாவில் வைத்தாள். "விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு டெரன்ஸ் மாடி ஏறுவதே இல்லை. தெருவில் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குகிறான். கூடப்பிறந்தவனைக் கொன்றவன் நடக்கிற நடை அது.

இப்போது சொல்லுங்கள். பொத்தானை மாற்றியவன், ஆயுதத்தை மாற்றியவன், ஆட்டத்தில் இருந்தவள். இந்த மூவரில் ரெக்ஸனை இரண்டாம் முறை சாகவிட்டது யார்? குற்றம் யாருடையது?

விடை: சாகவிட்டவள் செல்சியா, தெரிந்தே விட்டாள். படியில் நின்ற டெரன்ஸின் காதில் குரல் விழுந்தது. குறுவாளுக்குக் குரல் இல்லை, ஆகவே பையைத் திறந்து கோடரியை எடுத்திருக்கிறாள். முக்கோணம் இப்போது பாய மட்டும்தான் செய்யும், ஆகவே ஓங்கி அடிக்கும் பொத்தான் மாறியதையும் கண்டுபிடித்துவிட்டாள். இருவர் செய்த பிழையும் திருத்தப்பட்ட பிறகுதான் வீரன் வாசலுக்குப் போனான். அழுகிறவனுக்கு இந்தக் கணக்கு வராது. செல்சியா அந்த வீரனை அனுப்பிவைத்ததை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். எழுந்து நடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம். ஆனால் தன் சுமையை இறக்கிய இடத்தில் கொழுந்தன் தலையைக் கொடுத்ததைப் பார்த்தும் அவள் வாய் திறக்கவில்லை. அவள் குற்றம் அதுதான். இன்றைக்கும் அவள் சொல்லவில்லை, அவனும் தூங்குவதில்லை.