காலியாக நின்ற கட்டம்

“எழுதுய்யா. ‘ஆட்சேபனை இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நான் மலையிறங்கணும்.”

அதிகாரி தணிகைவேல் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார். மாசணன் கையில் பேனாவும் படிவமும். படிவத்தில் ஊர்க் கருத்துக்கான கட்டம் இன்னும் காலி.

வடசரிவின் மூன்று ஊர்களுக்குக் கீழே நீர்மின் அணை வரப்போகிறது. வந்தால் ஆற்றோரத்து இடுகாடு முழுகும். மாசணன் மனைவியைப் புதைத்து எட்டு மாதம்தான். வரைபடத்தில் அந்த இடத்துக்கு நீலம் அடித்திருந்தார்கள். பார்த்தான். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை.

சுற்றுச்சூழல் ஆய்வுக்காக ஊர்க் கருத்தை எழுதித் தருவது அவன் வேலை. சொன்னதை மாற்றாமல் எழுதுவேன் என்று ஊருக்கு வாக்கும் கொடுத்திருந்தான்.

காலையில் கூட்டம் நடந்தது. “யாருக்காவது ஆட்சேபனை உண்டா?” என்று தணிகைவேல் கேட்டார். எழுபது பேர், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அங்கே வழக்கம் அப்படி. பெண் கேட்டாலும் சரி, நிலம் கேட்டாலும் சரி, முதல் இரண்டு தரம் பதில் கிடையாது. மூன்றாம் தரம் வந்தால்தான் உண்டு, இல்லை என்பார்கள்.

மாசணன் மாமியார் நஞ்சியிடம் போனான். ஊர்த்தலைவி அவள்தான்.

“அத்தே, ஒரு வார்த்தை சொல்லிடு. இன்னிக்கு விட்டா போச்சு.”

“எம் பொண்ண எத்தன தரம் வந்து கேட்டீங்க மாப்ள?”

“மூணு தரம்.”

“அவ படுத்திருக்கற எடத்த மட்டும் ஒரு தரம் கேட்டாக் குடுத்துரணுமா?”

இதை அப்படியே தணிகைவேலிடம் சொன்னான். அவர் சிரிக்கக்கூட இல்லை.

“நான் கேட்டேன், அவங்க பேசல. இதுல என்ன பொய்? நீயா ‘வேண்டாம்’னு எழுதினா அதுதான் பொய். கட்டத்தைக் காலியா விட்டா மேல திருப்பி அனுப்புவாங்க, நான் மறுபடி மலையேறணும். அப்புறம் உனக்கு வேலை இருக்காது, பாத்துக்க.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காதில் விழுந்ததை எழுதச் சொன்ன தணிகைவேலா, கூட்டத்தில் வாயே திறக்காத நஞ்சியா, யார் செய்தது சரி? அந்தக் கட்டத்தில் மாசணன் என்ன எழுத வேண்டும்?

நஞ்சி செய்ததுதான் சரி. கேள்வியே இன்னும் முடியவில்லை. மூன்றில் ஒரு பங்குதான் கேட்டிருக்கிறார்கள். அதற்குள் சம்மதம் என்பதும் பொய், மறுப்பு என்பதும் பொய். காலிப் படிவம் திரும்பினால் தணிகைவேல் மறுபடி வந்து கேட்டாக வேண்டும், அது இரண்டாம் தரம். இன்னொரு முறை திரும்பினால் மூன்றாம் தரம். மாசணன் தேதி போட்டான், கையெழுத்துப் போட்டான், படிவத்தை ஜீப்புக்குள் நீட்டினான். எழுதச் சொன்னது இரண்டே வார்த்தை. எழுதவில்லை.