எருமைக்கு வைக்காத புல்

“எனக்குக் கால் இருக்கிறது, ஓடுகிறேன். எருமைக்கு நான் எதற்குப் புல் போட வேண்டும்?”

காட்டுச் சபையில் முயல் இதையே திரும்பத் திரும்பக் கேட்டது. சட்டம் என்னவோ எளிமையானதுதான். எல்லா மிருகங்களும் தினம் ஒரு கட்டுப் புல் கொண்டுவர வேண்டும். பாதி, ஏரிவரை அகலப் பாதை போடும் யானைகளுக்கு. மீதி, நடக்க முடியாததுகளை முதுகில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோகும் எருமைகளுக்கு. நாளெல்லாம் சுமந்தால் அதுகள் எப்போது மேயும்?

“எல்லாருக்கும் ஒருநாள் எருமை வேண்டியிருக்கும்” என்றது ஆமை.

“மாமா, நீங்கள் போய்ச் சேர்வதற்குள் ஏரியே வற்றிவிடும்” என்றது முயல். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

புல் முழுவதும் பாதை போடும் யானைகளுக்கே என்று சட்டத்தைத் திருத்தப் பார்த்தார்கள். சம்மதம் உள்ளவர்கள் வாலைத் தூக்கலாம், இல்லாதவர்கள் வாலை ஆட்டலாம் என்றது சிங்கம்; அந்தச் சபையின் வழக்கம் அப்படி.

“ராஜா, எனக்கு வாலே கிடையாதே. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?” என்றது தவளை.

வாலில்லாதவர்கள் கணக்கில் சேர்த்தியில்லையாம். ஆமை ஆட்டிய வால் ஓட்டுக்குள் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. முயலோ தன் கட்டைவிரல் அளவு வாலை எக்கி எக்கித் தூக்கியது. சட்டம் நிறைவேறியது.

யானைகள் தின்றன, புதர் புதராகப் பிடுங்கின. பாதை மொட்டைத் தலை மாதிரிப் பளபளத்தது. முயல் அதில் ஓடிக்காட்டிப் பீற்றிக்கொண்டது. எருமைகள் கொஞ்சநாள் பசியோடு சுமந்தன. பிறகு ஒவ்வொன்றாக மலை தாண்டிப் போய்விட்டன. வழியனுப்பக்கூட யாரும் வரவில்லை.

சித்திரையில் மேட்டுச் சுனைகள் காய்ந்தன. தண்ணீர் ஏரியில்தான். முயலுக்கோ அப்போதுதான் மூன்று குட்டிகள். கால் ஊன்றாத வயசு. ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு பாதையில் இறங்கியது. தலைக்கு மேலே நிழல் வட்டமிட்டது.

“அருமையான பாதை போட்டிருக்கிறீர்கள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது” என்றது கழுகு.

ஒதுங்க ஒரு புதர் இல்லை. முயல் வந்த வழியே விழுந்தடித்துத் திரும்பியது. குட்டி பிழைத்தது. ஆனால் மூன்றுக்கும் நாக்கு வறண்டிருந்தது.

அப்போதுதான் அதற்கு ஞாபகம் வந்தது. தானும் குட்டியாக இருந்தபோது எருமையின் முதுகில் ஏறித்தான் முதன்முதலில் ஏரியைப் பார்த்தது. கால் வந்ததும் அதை மறந்துபோனது.

குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, புதர் மறைவிலேயே எருமைகள் கிடந்த சேற்றுக்குழிக்குப் போனது. சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. பழைய குளம்படிகள் மட்டும் இருந்தன.

“அக்கா, என்னை ஏற்ற வேண்டாம். இதுகளை மட்டுமாவது ஏற்றிக்கொண்டு போங்களேன்” என்று அந்தக் குளம்படிகளைப் பார்த்துக் கெஞ்சியது.



நமக்குத் தேவையில்லை என்று பொதுவில் எதை ஒழிக்கிறோமோ, அதைத்தான் நம் பிள்ளைகள் ஒருநாள் தேடித் தவிக்கும்.