நிலவேம்புக்கு வேலி

வைத்தியர் சங்கரவடிவுக்கு நாற்பது வயது. அவரிடம் மருந்து கற்க வந்த ஆறுமுகநயினாருக்கு அறுபத்திரண்டு. இதில் இரண்டு பேருக்குமே கூச்சம் கிடையாது. குரு "அண்ணாச்சி" என்பார், சீடர் "அம்மா" என்பார். முப்பது வருஷம் நெல் போட்ட கை என்று மூலிகைத் தோட்டத்தை அவர் பொறுப்பில் விட்டிருந்தார் குரு.

ஒரு நாள் காலையில் சீடர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அம்மா, நிலவேம்புப் பாத்திக்கு உடனே வேலி போடணும். பக்கத்து வீட்டு ஆடு பாதியை மேஞ்சுட்டு."

இலை ஆய்ந்துகொண்டிருந்த குருவின் கை நின்றது.

"ஆடு நிலவேம்பைத் தின்னுச்சா?"

"ருசிச்சுல்லா தின்னுது! விரட்டினாலும் போகல, சனியன்."

அவருக்குக் கோபமெல்லாம் ஆட்டின் மேல்தான். நிலவேம்பை ஆடு மோந்துகூடப் பார்க்காது. அவ்வளவு கசப்பு. அந்தப் பாத்திக்கு இத்தனை காலமும் வேலி இல்லாததே அதனால்தான். நெல்லுக்குக் காவல் இருந்தே பழகிய மனுஷருக்கு இது உறைக்கவில்லை, பாவம்.

குரு போய்ப் பார்த்தார். மேயாமல் நின்ற செடிகள் முழங்காலுக்கு மேல் கருகருவென்று வளர்ந்திருந்தன. ஓர் இலையைக் கிள்ளி மென்றார். இன்னொன்றையும் மென்றார். அவர் முகம் சுளிக்கவேயில்லை.

"இதுக்கு என்ன போட்டீங்க?"

"மஞ்சளடிச்சுக் கெடந்துதும்மா. யூரியா தூவினேன். எப்படி எந்திரிச்சிருக்கு பாருங்க!"

"எல்லாத்துக்குமா?"

"அந்தப் பாறை ஓரம் கொஞ்சம் விட்டுப்போச்சு. அது நோஞ்சானாத்தான் நிக்குது."

குரு அவரைத் திரும்பிப் பார்த்தார். "மக இசக்கியம்மாளுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"நாலு நாளாகுது. எம்மக கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறா. கஷாயம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எந்தச் செடியில?"

ஆறுமுகநயினார் பாத்தியைப் பார்த்தார்.

"மடமடன்னு குடிச்சாளேம்மா... சமத்துப் புள்ளைன்னு சந்தோஷப்பட்டேனே..."

அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"எந்திரிங்க அண்ணாச்சி. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாருங்க. மத்ததைப் பிறகு பேசலாம்."

சாயங்காலம் அவர் திரும்பி வந்தார். மகளுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"செடி மஞ்சளடிச்சா என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியாதும்மா. வளரட்டும்னு போட்டது தப்பா?"

குரு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு, அதே ஆட்டைப் பிடித்து வந்து பாத்திக்குள் விட்டார்.

சீடர் பதறிப்போனார். "ஐயையோ, மிச்சத்தையும் தின்னுருமேம்மா!"

"தின்னட்டும் அண்ணாச்சி. அது எதைத் தின்னாம துப்புதோ, அதைப் பறிச்சு மருந்துக்கு எடுத்து வைங்க."