மூன்றாவது முடிச்சுப் போட்ட நத்தை

முன்னொரு காலத்திலே, மீனும் நத்தையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்திலே, ஆம்பல்நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும். தொட்டிக்குள் மண் போட்டு, மேலே மணல் பரப்பி, தண்ணீர் விட்டு, தண்ணீருக்குள்ளேயே செடி வளர்ப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார்கள். பெண்ணைப் பார்ப்பது காப்பி, பலகாரம் எல்லாம் முடிந்த பிறகு. காப்பி அந்தக் காலத்தில் ஏது என்று கேட்கிற ஆள் இருந்தால் அவர் எழுந்து போகலாம். கதை கேட்கிறவர்கள் உட்காருங்கள்.

அந்த நாட்டில் மருதையன் என்று ஒருவன். கண்ணாடித் தொட்டி செய்கிறவன். அவன் மனைவி வடிவாள். அவன் தொட்டி செய்வான், அவள் செடி நடுவாள். இலையைத் தடவிப் பார்த்தே இது ஓடுகிற தண்ணீரில் வளர்ந்தது, இது தேங்கின தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்லிவிடுவாள். மருதையனுக்கோ தலைகீழாக நின்றாலும் செடி வராது. உதவி செய்கிறேன் என்று வந்து எதை நட்டாலும் கழுத்துவரை மணலுக்குள் அமுக்கி வைத்துவிடுவான்.

"ஏங்க, கழுத்தப் போய்ப் புதைக்கிறீங்களே! வேர் இறங்கினா போதாதா? மூச்சு முட்டிச் செத்துப் போகும்" என்பாள் வடிவாள்.

"சாஞ்சுடக் கூடாதேன்னுதான் வடிவு" என்பான் அவன்.

மறுநாளும் அப்படியே செய்வான். அவளும் அப்படியே திட்டுவாள். அவர்கள் குடும்பம் நடந்த அழகு அது.

வடிவாள் மலைநாட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இந்த ஊர்ச் சோறு இறங்கவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வாடியது, உடம்பு இளைத்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "இந்தப் பொண்ணு தேறாது, பேசாம அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடு" என்று ஊரே சொன்னது. மருதையன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னான்.

"புதுத் தண்ணி. பழகட்டும்."

அதைச் சொல்லிவிட்டு, குழையக் குழைய ரசஞ்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்காருவான். சாப்பிடு என்று ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. சும்மா பக்கத்தில் இருப்பான். ஒரு நாள் அவள் ஒரு கவளம் வாங்கினாள். பிறகு இரண்டு. பிறகு அவனையே திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. அன்றுமுதல் அந்த வீட்டில் புதுச் செடி வாடினாலும் அதே பேச்சு, புதுக் கன்றுக்குட்டி கத்தினாலும் அதே பேச்சு. புதுத் தண்ணி, பழகட்டும்.

அவர்கள் தொட்டியில் ஒரு நத்தை இருந்தது. மற்ற வீடுகளில் நத்தையைக் கண்டால் நசுக்கிவிடுவார்கள். மருதையன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "நீயும் எங்க வீட்டுப் பொண்ணா இருந்துட்டுப் போ" என்று தொட்டிக்குள்ளேயே விட்டான். அன்றிலிருந்து நத்தைக்கு அவன் அண்ணன், வடிவாள் மதினி.

இப்படி இருக்கும்போது, மலையடிவாரத்துப் பளிங்கு மாளிகையிலிருந்து பளிங்குமாயன் என்ற மந்திரவாதி ஆள் அனுப்பினான். அவனுக்கும் ஒரு தொட்டி வேண்டுமாம். பளிங்குமாயன் கையில் ஒரு மந்திரப் பிரம்பு உண்டு. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. செத்துவிட்டது என்று அவன் தூக்கிப் போட்ட ஏதாவது ஒன்று திரும்பத் தழைத்தால் பிரம்பு முறிந்துபோகும். அதனால் வாடியது எதுவும் அவன் கண்ணெதிரே இருக்கக் கூடாது. ஒரு பழுத்த இலை கண்ணில் பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிடுங்கி, மாளிகைக்குப் பின்னாலிருந்த குப்பைக் குழியில் எறிந்துவிடுவான்.

மருதையன் தொட்டி செய்து கொடுத்தான். வடிவாள் செடி நட்டுக் கொடுத்தாள். ஊர் பார்க்கிற ஆசையில் நத்தையும் ஓர் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மாளிகைக்குப் போய்விட்டது. சில நாள் கழிந்தது. புது இடத்துக்குப் போன செடிகள் என்ன செய்யும்? பழைய இலையை உதிர்த்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தையைத் தவிர எல்லாவற்றையும் மாயன் பிடுங்கி எறிந்துவிட்டு, சூறைக்காற்றாக மருதையன் வாசலில் வந்து இறங்கினான்.

"செத்த செடியையா என் தலையில் கட்டினாய்?"

மருதையன் சிரித்துவிட்டான். அதுதான் அவன் செய்த பிழை. "ஐயா, புதுத் தண்ணி. பழகட்டும். நீங்க கல்யாணத்தன்னைக்கே பேரப்பிள்ளை கேப்பீங்க போலிருக்கே!"

"அப்படியா? நீயே போய்ப் பழகு!" என்றான் மாயன். பிரம்பைச் சுழற்றினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் மருதையன் நின்ற இடத்தில் ஒரு நீர்ச்செடி கிடந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு மாயன் பறந்துவிட்டான்.

வடிவாள் அழுதாள். அழுதுகொண்டே நடந்தாள். மூன்று நாள் நடந்து பளிங்கு மாளிகை போய்ச் சேர்ந்தாள்.

கூடத்தில் அவள் புருஷன் செய்த தொட்டி இருந்தது. உள்ளே ஒரு காடே இருந்தது. நாடாவாக நீண்டது, பாசியாகப் படர்ந்தது, சிவப்பு, பச்சை, ஊதா என்று எத்தனையோ செடி.

"எல்லாம் இந்தத் தண்ணீரிலேயே நான் மந்திரம் போட்டு முளைக்கவைத்தவை" என்றான் மாயன். "உன் புருஷனையும் இதற்குள்தான் நட்டேன். காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்பேன். எது அவன் என்று காட்டு. காட்டினால் கூட்டிக்கொண்டு போ. மூன்றும் தவறினால் நீயும் செடியாகி இதற்குள்ளேயே நில்."

வடிவாள் தொட்டியைப் பார்த்தாள். நடுவில் ஒரு சிவப்புச் செடி அவளைப் பார்த்து அசைந்து அசைந்து ஆடியது. அவளுக்கு நெஞ்சு துள்ளியது. "இதோ! என்னக் கண்டதும் எப்படி ஆடுறார் பாருங்க!" என்று கையைவிட்டு எடுத்துவிட்டாள்.

தண்ணீரைவிட்டு வெளியே வந்தும் செடி விறைத்துக்கொண்டு நின்றது. தண்ணீரில் பிறந்த செடிக்கு அந்த விறைப்பு ஏது? வெளியே எடுத்தால் துவண்டு விழும். இது தோட்டத்தில் பிடுங்கித் தொட்டியில் செருகிய தரைச்செடி. அந்தப் பக்கம் மாயன் விரலால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தான், செடி ஆடியது. அவ்வளவுதான் விஷயம்.

பிரம்பால் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. "ஒன்று போயிற்று" என்று சிரித்தான்.

வேறு நாளாக இருந்தால் வடிவாள் ஏமாந்திருப்பாளா? அன்று அவள் செடியைப் பார்க்கவில்லை, புருஷனைத் தேடினாள். பாவம்.

உச்சி வேளை. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேராகத் தொட்டியில் இறங்கியது. ஓரத்தில் ஒரு பச்சைச் செடி இலைக்கு இலை முத்து முத்தாகக் குமிழி விட்டது. "ஐயோ, அழுறாரே!" என்று வடிவாள் அதைக் காட்டினாள்.

பிரம்பால் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. "இரண்டும் போயிற்று" என்று சிரித்துவிட்டு மாயன் சாப்பிடப் போனான்.

வடிவாள் தொட்டியின்மேல் தலையைச் சாய்த்து விம்மினாள். அப்போது கண்ணாடியின் உள்பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மதினி, அழுகைக்கா முத்து வரும்? வெயில் பட்டா நல்லா இருக்கிற செடி எல்லாமே முத்து விடும். நீங்கதானே சொல்வீங்க!"

நத்தை! வடிவாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயா? ஏண்டி, இங்கேதானே இருந்தே, உங்க அண்ணன் எங்கேன்னு பாக்கலையா?"

"எனக்குக் கண் எங்கே அவ்வளவு தெரியுது மதினி? வாய்தான் தெரியும். அழுகின இலை கிடைச்சா தின்பேன். இங்க அதுவும் கிடைக்கல. நான் போறதுக்குள்ள அந்த ஆள் பிடுங்கி எறிஞ்சுடறான். பட்டினி கிடக்கேன்."

வடிவாள் தொட்டியை முதன்முறையாகச் செடி பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். ஓர் இலை பழுக்கவில்லை. ஒரு நுனி கருகவில்லை. மிச்சமிருந்தது எல்லாம் பிறந்த தண்ணீரில் சுகமாக நிற்கிற செடிகள். புதிதாக வந்த ஒரு செடி இப்படியா இருக்கும்? தான் வந்த புதிதில் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். முகம் வாடி, உடம்பு இளைத்து, முடி கொட்டி...

"அவர் இந்தத் தொட்டியில இல்லடி!" என்று எழுந்தாள். நத்தையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு குப்பைக் குழிக்கு ஓடினாள்.

குழியில் நாறிப்போன இலைகளுக்கு நடுவே மூன்று கட்டைத் தண்டு கிடந்தன. ஒன்றிலும் ஓர் இலை இல்லை. விரல் நீளம், விரல் கனம், மூன்றும் ஒன்றுபோலவே கறுத்திருந்தன. வடிவாள் நத்தையை முதல் தண்டின்மேல் விட்டாள். கறுக் கறுக்கென்று தின்றது. இரண்டாவது தண்டின்மேல் விட்டாள். கறுக் கறுக்கென்று தின்றது. மூன்றாவது தண்டின்மேல் விட்டாள். அத்தனை பட்டினியிலும் நத்தை வாயை மூடிக்கொண்டது.

"இது உயிரோட இருக்கு மதினி. எனக்கு ஆகாது."

வடிவாள் அதை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. கெட்டியாக இருந்தது. "புதுத் தண்ணிங்க" என்று அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "பழகிக்கலாம். நான் இருக்கேன்ல."

சாயங்காலம் மாயன் வந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சீ! அந்த அழுகலை என் பிரம்பு தொடாது. வேண்டுமானால் அது இந்தத் தொட்டியில் ஒரு புது இலை விடட்டும், ஒத்துக்கொள்கிறேன். பொழுது சாய்வதற்குள்! இந்தா மணல், நன்றாக ஆழமாக நடு."

வடிவாள் மணலைத் தொடவில்லை. இப்படிப் படுத்து வளர்கிற தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கல்லிலோ கட்டையிலோ கட்டித்தான் விட வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தாள். தன் தாலிச் சரட்டிலிருந்து ஒரு மஞ்சள் இழையை உருவினாள். தண்டைக் கட்டையோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டாவது முடிச்சும் போட்டாள்.

"அன்னைக்கு நீங்க எனக்குக் கட்டினீங்க. இன்னைக்கு நான் உங்களுக்குக் கட்டுறேன்" என்றாள். மூன்றாவது முடிச்சுக்கு வந்ததும் அவள் கை நின்றது. மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியதல்லவா? மருதையனுக்குக் கூடப் பிறந்தவள் யாரும் இல்லை.

"நான் எதுக்கு இருக்கேன் மதினி?" என்றது நத்தை.

இழையின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு புறப்பட்டது. கட்டையைச் சுற்றி அது போன வேகத்தை நான் என்னவென்று சொல்ல! மாயன் விழுந்து விழுந்து சிரித்தான். சூரியன் மலையைத் தொட்டது. நத்தை பாதிக் கட்டை சுற்றியிருந்தது. சூரியன் பாதி மறைந்தது. நத்தை முக்கால் கட்டை சுற்றியிருந்தது. வடிவாள் சூரியனைப் பார்த்தாள், நத்தையைப் பார்த்தாள். ஆனாலும் அவள் அதைத் தள்ளவில்லை, விரட்டவில்லை. "மெதுவா வாம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று மட்டும் சொன்னாள். அவன் அவளுக்கு அப்படித்தானே காத்திருந்தான்.

நத்தை சுற்றி வந்து, இழைக்குள் நுழைந்து, இறுக்கியது. மூன்றாவது முடிச்சு விழுந்தது. வடிவாள் கட்டையைத் தண்ணீரில் விட்டாள். மலைமேல் கடைசி வெளிச்சம் ஒரு கீற்றாக இருந்தபோது, தண்டின் நுனியில் எள்ளளவு பச்சை எட்டிப் பார்த்தது. சுருள் பிரிந்தது. அது ஓர் இலை.

படீரென்று மாயன் கையில் பிரம்பு முறிந்தது. இரண்டாவது இலை வந்தது, மூன்றாவது இலை வந்தது, தொட்டி தளும்பியது. சொட்டச் சொட்ட நனைந்து, இடுப்பில் மரக்கட்டை தொங்க, மருதையன் எழுந்து நின்றான். தலையில் ஒரு முடி இல்லை. மொட்டை!

வடிவாள் சிரித்தாள், அழுதாள், அவன் மொட்டைத் தலையைத் தடவினாள். "என்ன கோலம் இது!"

"அந்த ஆள் என்னக் கழுத்துவரைக்கும் மணல்ல அமுக்கிட்டான் வடிவு" என்றான் மருதையன். "மூச்சு முட்டிச்சு பாரு, அப்பதான் நீ ஏன் தினமும் திட்டுறேன்னு எனக்குப் புரிஞ்சுது."

பிரம்பு போனதும் பளிங்குமாயன் வெறும் கிழவனாகிவிட்டான். தலை நரைத்து, முகம் சுருங்கி, மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, தன் கைத்தோல் தொங்குவதைத் தானே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். வாடின எதையும் பார்க்க மாட்டாதவன் இனி தன்னையே எங்கே எறிவான்?

மருதையன் வடிவாளைப் பார்த்தான். வடிவாள் முறைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "எழுந்திரிங்க பெரியவரே. ரசஞ்சோறு பிசைஞ்சு தரேன். புதுத் தண்ணி, பழகிடும்" என்றாள்.

அந்தக் கிழவன் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். பழுத்த இலைகளைப் பொறுக்கி நத்தைக்கு ஊட்டுவது அவன் வேலை. மருதையனுக்கு மறுபடி முடி முளைத்தது, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் பச்சையாக. இன்றைக்கும் ஆம்பல்நாட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இல்லையென்றால் கிண்ணத்தில் ஒரு நத்தையைக் கொண்டுவந்து மணவறையில் வைப்பார்கள். முகூர்த்தம் தாண்டினாலும் யாரும் அதை அவசரப்படுத்துவதில்லை.

அவர்கள் அங்கே தழைத்தார்கள், நாம் இங்கே தழைப்போம். போய் உங்கள் தொட்டியைப் பாருங்கள். இலை உதிர்த்த தண்டு ஏதாவது இருந்தால் எறியாதீர்கள், முதலில் விரலால் அமுக்கிப் பாருங்கள்.