எலியாப் எடுத்த தொப்பி

தலை ஒன்று, தொப்பி நான்கு. அமெரிக்கா புதிதாகப் பிறந்த காலத்தில், வெர்மான்ட் மலையூர் ஒன்றில் எலியாப் தார்ன்லி அப்படித்தான் பிழைத்தார். வைத்தியர், போதகர், நீதிபதி மூன்றும் அவரே. இளமையில் அந்தப் பள்ளத்தாக்கைச் சங்கிலி பிடித்து அளந்து, எல்லை மரங்களில் கோடரியால் அடையாளம் வெட்டியவரும் அவரே. ஒவ்வொரு வேலைக்கும் ஆணியில் ஒரு தொப்பி தொங்கியது. நில அளவைத் தொப்பியில் மட்டும் தூசி. ஊரார் அவர் தலையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

போதாததற்கு ஊர் அவரைக் காங்கிரஸ் சபைக்கும் அனுப்பியது. சபை கூடிய பிலடெல்பியா நகர விடுதியில் ஒரு குளிர்காலம் முழுக்க யாரும் அவரிடம் நட்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்தாலும் வீட்டில் மனைவி இல்லை. போய்ச் சேர்ந்து வெகுகாலம். காரியம் எதுவும் இல்லாமல் அவர் கதவைத் தட்டுகிறவன் ஓபெத் ஒருவன்தான். வியாழன் மாலை வருவான், கட்டப் பலகையில் காய் நகர்த்துவான், தோற்றால் திட்டுவான். அந்தத் திட்டுக்காகவே எலியாப் வாரம் முழுக்க ஏங்கிக் கிடந்தார்.

ஓபெத்துக்குக் கடும் காய்ச்சல் கண்டது. இனிப் பிழைக்கமாட்டோம் என்று பயந்து, பார்க்க வந்த எலியாபின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் நிலத்து எல்லைக்கல்ல பக்கத்து மெர்சி நிலத்துக்குள்ள தள்ளி வச்சது நான்தான். போதகரா கேட்டுக்கோ. வெளிய சொல்லாத."

"சொல்லமாட்டேன்," என்றார் எலியாப். மருந்து கொடுத்து அவனைப் பிழைக்கவும் வைத்தார்.

பனி உருகியதும் விதவை மெர்சி ஓபெத் மேல் வழக்குப் போட்டாள். அந்தத் துண்டு நிலம் போனால் அவளுடைய ஒரே பசுவுக்குப் புல் கிடையாது. வழக்கு எலியாபிடமே வந்தது. ஓபெத் நிம்மதியாகத் தூங்கினான்.

விசாரணை நாள் காலையில் எலியாப் ஆணிகளின் முன் நின்றார். போதகர் வாய் திறக்கக் கூடாது. நோயாளி படுக்கையில் சொன்னதை வைத்தியர் வெளியிடக் கூடாது. நீதிபதியோ தெரிந்தே ஒரு விதவையின் வயிற்றில் அடிக்கக் கூடாது. கொடுத்த வாக்கும் கெடாமல், மெர்சிக்கும் நியாயம் கிடைக்க, அவர் எந்தத் தொப்பியை எடுக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: தூசி படிந்ததை. ஓபெத் தம் நண்பன் என்று சொல்லி எலியாப் வழக்கிலிருந்து விலகினார். வேறு நீதிபதி வந்து நிலத்தை அளக்கச் சொன்னார். அந்த வேலை தெரிந்தவர் ஊரில் எலியாப் ஒருவர்தான். கல்லை நகர்த்தலாம், மரத்தை நகர்த்த முடியுமா? பழைய கருவாலி மரத்தில் தாம் வெட்டிய அடையாளத்தைக் காட்டினார். ஓபெத் சொன்னதில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. மெர்சிக்கு நிலம் வந்தது. அடுத்த வியாழன் மாலை எலியாப் பலகையில் காய்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தார். கதவு தட்டப்பட்டது. தொப்பியில்லாமல் ஓடிப்போய்த் திறந்தார். வாசலில் நின்ற பல்வலிக்காரர் அவருடைய வெறுந்தலையைப் பார்த்துவிட்டு, "வைத்தியர் இருக்காரா?" என்று கேட்டார்.