வாலை விரித்துத் திரும்பி நின்ற வான்கோழி

வெகுகாலத்துக்கு முன்னே, காட்டு மரங்கள் எந்த ராஜாவுக்கும் சொந்தமாகாத காலத்தில், மணிமுடிராயன் என்றொரு ராஜா இருந்தான். கெட்டவன் என்று சொல்லமுடியாது. ஆசை வந்துவிட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது. அந்த மாதிரி ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒருநாள் அவன் காட்டோரமாகப் பல்லக்கில் போனபோது, செம்பு நிறத்தில் ஒரு காட்டு வான்கோழி வாலை விரித்து நின்றதைப் பார்த்துவிட்டான். "அந்த வால் என் சிம்மாசனத்துக்குப் பின்னால் இருக்கவேண்டும்!" என்றான். உடனே காட்டில் வாழ்ந்த வேடர்களுக்கு ஆள் போயிற்று. பௌர்ணமிக்குள் வால் வரவேண்டும். வராவிட்டால் வேடர்கள் அத்தனை பேரும் காட்டைக் காலி செய்யவேண்டும்.

வேடர்களில் குறி தப்பாதவள் கொற்றி. அவளுக்குச் சமமாக எய்தவன் ஒருவன்தான், அவள் தம்பி கடம்பன். அவன் இடதுகைக்காரன். போன மழைக்காலத்தில் வேட்டைக்குப் போனவன் திரும்பவில்லை. புலி கொண்டுபோய்விட்டது என்றார்கள். கொற்றி தலையாட்டினாள். ஆனாலும் தினமும் ஒரு பங்கு கிழங்கை அவனுக்கென்று எடுத்துவைத்தாள்.

வான்கோழி வேட்டை லேசானதில்லை. அந்தப் பறவைக்குத் தலையைச் சுற்றிலும் கண் இருக்கிறதோ என்று தோன்றும். வேடர்கள் மரத்தடியில் காய்ந்த சருகை ஒதுக்கிவிட்டு, சத்தமில்லாமல் உட்காருவார்கள். எலும்புக் குழலை வாயில் வைத்து, பெட்டை கூப்பிடுவது போல ஊதுவார்கள். சேவல் வரும். வந்ததும் நாணை இழுத்தால் போச்சு, பறந்துவிடும். அது வாலை விரித்து ஆடி, திரும்பி நிற்கும் நேரத்துக்குக் காத்திருக்கவேண்டும். அப்போது அதன் வாலே அதன் கண்ணை மறைக்கும். அந்த ஒரு மூச்சுக்குள் நாணை இழுத்து அம்பை விடவேண்டும்.

முதல் நாள் கொற்றி மூங்கில் வில்லோடு போனாள். சருகை ஒதுக்கினாள், உட்கார்ந்தாள், ஊதினாள். "களகளகள" என்று வான்கோழி பதில் கொடுத்தது. ஆனால் வரவில்லை.

இரண்டாம் நாளும் சருகை ஒதுக்கினாள், உட்கார்ந்தாள், ஊதினாள். "களகளகள" என்று பதில் வந்தது. இந்த முறை சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது! திரும்புவதற்குள் செம்பு நிற வால் புதருக்குள் மறைந்துவிட்டது.

வேடன் எங்கே உட்காருவான், எந்தப் பக்கம் பார்ப்பான் என்று ஒரு பறவைக்கு எப்படித் தெரியும்? கொற்றி எழுந்து போய்ப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் சருகு ஒதுக்கப்பட்டிருந்தது. இரை தேடிக் கிளறினால் சருகு நாலாபக்கமும் சிதறும். இங்கே வட்டமாக ஒதுக்கி, ஒரே பக்கமாகக் குவித்திருந்தது. வேடர்கள் இடது பக்கம் குவிப்பார்கள். வலது பக்கம் குவிப்பவன் ஊரிலேயே ஒருவன்தான்.

இடதுகைக்காரன் கடம்பன். அந்தக் காட்டில் சருகன் என்ற மந்திரவாதி இருந்தான். பறவைகளுக்கு அவன்தான் காவல். உடம்பெல்லாம் சருகு, பேச்செல்லாம் எரிச்சல். அவனிடம் ஓடினாள்.

"என் தம்பியை என்ன பண்ணினே?"

"அவன் என்ன பண்ணினான்னு கேளு" என்றான் சருகன். "பெட்டை மாதிரி ஊதிச் சேவலைக் கூப்பிடுறது உங்க வழக்கம். பொறுத்துக்கிட்டேன். உன் தம்பி குஞ்சு அழுற மாதிரி ஊதினான். குஞ்சை விட்டுட்டு இரை தேடப் போயிருந்த தாய் பதறி ஓடி வந்துச்சு. அதை அடிச்சான். அதான் அவனையே வான்கோழியா மாத்திட்டேன்."

கொற்றி தலைகுனிந்தாள். குஞ்சுக் குரல் கொடுக்கக்கூடாது என்பது வேடர்களும் அறிந்ததுதான்.

"தப்புதான். இந்த மாயம் எப்படித் தீரும்?"

"சொன்னா அதுக்கும் ஒரு தந்திரம் பண்ணுவீங்க. சொல்லமாட்டேன், போ!"

மூன்றாம் நாள் பௌர்ணமி. விடியும்போதே கொற்றி காட்டுக்குப் போனாள். சருகை ஒதுக்கவில்லை. மறைந்து உட்காரவில்லை. எலும்புக் குழலைக் கையிலும் எடுக்கவில்லை. வெட்டவெளியில் நின்றாள். ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் குழந்தை குட்டிகளோடு ஊர். தன் சொந்தக் குரலில் கத்தினாள்.

"கடம்பா! நான்தான்டா, அக்கா! கையில வில்லு இருக்கு. அம்பும் இருக்கு. ராசா உன் வாலைக் கேக்கிறார். குடுக்கலேன்னா நம்மளைக் காட்டை விட்டு விரட்டிருவாராம். விரட்டட்டும், என்னால ஆகாது. நீ மேற்கு மலையைத் தாண்டிப் போயிரு. இந்தப் பக்கம் வராதே!"

புதர் அசைந்தது. செம்பு நிற வான்கோழி வெளியே வந்தது.

"வராதேன்னு சொல்றேன்ல!"

அது வந்தது. ஒரு வில் நீளம் இடைவெளி விட்டு நின்றது. அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு வாலை முழுசாக விரித்து, மெல்ல முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. எந்த வேடனும் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் நிலை அது. எய்துகொள், ஊரைக் காப்பாற்று என்று அது சொல்லாமல் சொன்னது.

கொற்றி வில்லை வீசி எறிந்தாள். ஓடிப்போய் அதன் முதுகைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் கைக்குள்ளே இறகெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. உதிர்ந்து முடிந்தபோது, கோவணத்தோடும் குளிரோடும் நின்றுகொண்டிருந்தான் கடம்பன்.

மரத்தின் மேலிருந்து சருகன் எரிச்சலோடு எட்டிப் பார்த்தான். "பொய்க் குரல் கொடுத்துக் கூப்பிட்டவன், மெய்க் குரல் கேட்டு வந்தால் தீரும்னு வச்சிருந்தேன். வேடர்களுக்கு அது எங்கே வரப்போகுதுன்னு நினைச்சேன். சரி, சரி, வாலைப் பொறுக்கிக்கிட்டுப் போங்க."

வால் அரண்மனைக்குப் போயிற்று. சிம்மாசனத்துக்குப் பின்னால் அதை விரித்துக் கட்டினார்கள். ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "உங்களை விரட்டும் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை" என்றான். உடனே இறகெல்லாம் சிலிர்த்து "களகளகள" என்று கூவின. சபையே சிரிப்பை அடக்கியது. ராஜா முகம் சிவந்து, "சரி, இருந்தது. இனி இல்லை. காடு உங்களுடையது" என்றான். இறகுகள் சும்மா இருந்தன. அதன்பிறகு அந்த அரண்மனையில் மந்திரிகள் அளந்துதான் பேசினார்கள்.

வேடர்களும் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு தரம் எலும்புக் குழலை ஊதுவார்கள். மூன்றாம் தரம் எழுந்து நின்று, "நான் வேடன், கையில் வில் இருக்கிறது!" என்று உரக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் வருகிற பறவைமேல்தான் அம்பு. எத்தனை வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஊர் அடுப்பில் அன்றுமுதல் கிழங்குதான் அதிகம் வெந்தது.

வீட்டுக்கு வந்த அன்று, எடுத்துவைத்திருந்த கிழங்கைத் தம்பிக்கு உரித்துக் கொடுத்தபடி கொற்றி கேட்டாள்: "வாலை விரிச்சுத் திரும்பி நின்னியே, அப்போ என்னடா நினைச்சே? அக்கா எய்யமாட்டாள்னா?"

கடம்பன் கிழங்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா. நீ குறி தப்பமாட்டே, வலிக்காதுன்னு நினைச்சேன்."